மலைப் பஸ்ஸில் எலுமிச்சம்பழம்

மலைப் பஸ்ஸில் அமுதினியின் கையிலிருந்த எலுமிச்சம்பழம், அம்மா மடியிலிருந்த பாலித்தீன் கவரிடம் பீற்றிக்கொண்டது.

"நான் இல்லாமல் இவள் பஸ் ஏறவே மாட்டாள். வாந்தி என்று சொன்னாலே அழுவாள். நீ எதற்கு வெட்டியாக வருகிறாய்?"

"வந்தால் பிடிக்க" என்றது கவர்.

முதல் வளைவிலேயே அம்மா பழத்தை வாங்கிப் பைக்குள் போட்டாள். "எத்தனை நாளைக்குடி இதையே மோந்துக்கிட்டு இருப்ப? வந்தா வரட்டும், நான் பிடிச்சுக்கிறேன்."

அமுதினி அழுதாள். பிறகு கவருக்குள் வாந்தி எடுத்தாள். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வாய் கொப்பளித்ததும், "அவ்ளோதானாம்மா?" என்றாள்.

அம்மா கவரின் வாயை இறுக்கிக் கட்டினாள். அதற்குப் பிறகு அது எதுவும் பேசவில்லை.

அடுத்த வளைவில் அமுதினி பைக்குள் கைவிட்டாள். பழம் உருண்டு முன்னால் வந்து நின்றது. கை அதை ஒதுக்கிவிட்டு முறுக்கை எடுத்தது.