எந்தத் தோட்டா கிடைத்தாலும்

“ஆபத்துக் காலத்துல எந்தத் தோட்டா கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? அதான் நாலு துப்பாக்கி, நாலு அளவு,” என்றான் ஹார்லன்.

தோட்டா வாங்கும் வேலை மனைவி வெர்னாவுடையது. கடைக்காரரிடம் நான்கு துப்பாக்கிகளின் அளவையும் சொல்லி, எது எதில் நுழையும் என்று அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டிகளில் அடுக்கி, எண் எழுதி ஒட்டினாள்.

“இந்த மொன்டானா மாநிலத்துலயே உன்னை மாதிரி பொண்டாட்டி கிடையாது. ஆபத்து வர்ற வரைக்கும் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது,” என்று ஹார்லன் பூரித்துப்போனான்.

ஜனவரியில் பனிப்புயல் அடித்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மூன்றாம் நாள் மதியம் யாரோ பின்கதவை இடித்தார்கள். காற்றின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை.

“கொள்ளைக்காரங்க! விலகு, வெர்னா!”

முதல் துப்பாக்கியில் தோட்டா நுழையவில்லை. இரண்டாவதிலும் நுழையவில்லை. நான்காவதோடு அவன் மல்லுக்கட்டும்போது கதவு திறந்தது. சூப் பாத்திரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி மருமகன் டஸ்டின் நின்றான்.

“நான்தான் மாமா!”

ஹார்லன் மனைவியைப் பார்த்தான். “ஒண்ணுகூடப் பொருந்தலையே!”

“எப்படிப் பொருந்தும்? போன வருஷம் கொள்ளைக்காரன்னு சுட்டு இவன் தொப்பியில ஓட்டை போட்டியே, மறந்துட்டியா?” வெர்னா சூப்பை வாங்கிக்கொண்டாள். “நாலுலயும் நுழையாத அளவா, அரை மணி நேரம் தேடி வாங்கினேன்.”