அந்தக் கை

நெஞ்சில் வீரப் பதக்கம் பளபளக்க, செத்துப்போன நண்பனின் வீட்டில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தான் சிப்பாய்.

"என் பிள்ளையைக் கொன்ன பாவியை அங்கேயே சுட்டுத் தள்ளினியாமே! அந்தக் கையைக் கொடுப்பா." வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் நண்பனின் அம்மா. "மலையில அவ்வளவு பனிமூட்டத்துல எப்படிப்பா குறி தப்பாம சுட்டே?"

"நிழலாட்டம் ஒரு உருவம் அசைஞ்சுதும்மா. சுட்டுட்டேன்."

"இனி நீதான்பா எனக்குப் பிள்ளை. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

உண்மை தொண்டைவரை வந்தது. கூடவே, பதக்கம் வாங்கிய அன்று மேலதிகாரி காதோடு சொன்னதும் ஞாபகம் வந்தது: "பதக்கத்தைக் குத்திக்கோ, வாயைப் பொத்திக்கோ. படையோட மானம் முக்கியம்."

"சரிம்மா" என்றான்.

அன்று அந்த மலையில் வெடித்தது ஒரே ஒரு துப்பாக்கி. செத்ததும் ஒரே ஒரு ஆள்.