அண்ணன் நீட்டிய குப்பி

விமானி உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவன் கழிப்பறைக்குள் நிற்கிறான். குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பினாயில் நெடி மூக்கில் ஏறுகிறது. கூடவே நுழைந்த அண்ணன் கதவைத் தாழிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டுகிறான். “என்னோடதுடா. உன்னோடதுல இருக்கிற சர்க்கரை இதுல இருக்காது. இதைக் குடுத்துட்டு வா.” வாங்கியவனின் உள்ளங்கையில் இன்னொரு உடம்பின் சூடு பிசுபிசுவென ஒட்டுகிறது. மஞ்சள் நீரின் மேல் நுரை மிதக்கிறது. “முந்தாநாள் எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சே, அது?” “அது யாருக்குடா தெரியும்?” தம்பி குப்பியை அப்படியே கழிப்பறைக் கோப்பையில் கவிழ்க்கிறான். தோல் சிவக்கச் சிவக்கக் கையைத் தேய்த்துக் கழுவுகிறான். “ஆச்சா?” என்கிறாள் வெளியே செவிலி. “இப்பத்தான் மேடம்” என்றபடி, தன் பெயர் ஒட்டிய வெற்றுக் குப்பியைத் திறக்கிறான். அண்ணன் முகத்தைச் சுளித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.