நிற்காத பாய்மரம்

"அசையாம பிடிச்சுக்கோ. கை நடுங்குது பாரு... இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

கதவுக்கு வெளியே நின்ற தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உள்ளே கேட்டது அவள் கணவனின் குரல். கடையில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அதே மனிதன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஞாயிறு தவறாமல் அப்படி என்ன ஸ்டாக் என்று அவளும் பல நாளாகக் குமைந்துகொண்டுதான் இருந்தாள். போன வாரம் துவைக்க எடுத்த சட்டையின் தோளில் நீளமாக ஒரு கறுப்பு இழை ஒட்டியிருந்தது. அவளுக்கோ கழுத்துவரைதான் முடி. இன்று பின்னாலேயே வந்துவிட்டாள்.

உள்ளே ஒரு பெண் சிரித்தாள். "விட்டா சாஞ்சிடும் போலிருக்கே!"

அவ்வளவுதான். இரண்டு கையாலும் கதவை இடித்தாள்.

"வெளிய வாடி! அடுத்தவ புருஷனை வளைச்சுப் போட்டுட்டு உனக்குச் சிரிப்பு வேறயா?"

மாடிப்படி முழுக்க அது எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல் தளத்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கதவைத் திறந்தவன் கணவன்தான். நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் சாமணம், விரலெல்லாம் பசை. அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தவள், இரண்டடியில் நின்றுவிட்டாள்.

மேஜையின் மேல் ஒரு மரக்கப்பல். மூன்று பாய்மரங்களில் முன்னால் இருந்த இரண்டும் விறைப்பாக நின்றன. அவற்றின் உச்சியிலிருந்து இரு பக்கமும் கறுப்பு நூல், ஏணி ஏணியாக இறங்கியது. பின்பக்கத்துப் பாய்மரத்தை விரல் நுனியில் பிடித்தபடி ஒரு பெண் வெலவெலத்துப் போய் நின்றாள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த ஒருவர் மெல்லக் கண் திறந்தார்.

"அண்ணி, நீங்க விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்," என்று கணவன் பாய்மரத்தை வாங்கிக்கொண்டான். பிறகு மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இவர்தான் கேப்டன். எங்க கடையில எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர். கப்பல் பைத்தியம், அதனால அந்தப் பேரு. பாதி கட்டும்போது பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துடுச்சு. பாய்மரம் நிறுத்தி, கயிறு கட்டித் தர முடியுமான்னு என்னைக் கேட்டார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே..." என்றாள் அவள்.

"பொம்மைக் கப்பல் கட்டப் போறேன்னு சொன்னா நீ சிரிப்பே. எப்பவோ முடிஞ்சிருக்கும். இந்தப் பின்பாய்மரம்தான் நிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு வாரமும் வந்து பாத்தா முடிச்சு தளர்ந்து கிடக்கு."

படியில் நின்று கத்திய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவள் முகத்தில் அறைந்தது. நாள் முழுக்க நூலோடு புழங்குகிறவள், மெழுகு தடவிய நூலைப் பார்த்து முடி என்று நினைத்திருக்கிறாள்! நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணை 'வாடி' என்றிருக்கிறாள். எதிர்வீட்டம்மா இன்னும் நகரவில்லை. தையல்காரி தலை குனிந்தபடியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. என் வாயைத்தான் முதல்ல தைக்கணும்."

"பரவால்ல, விடுங்க." கேப்டனின் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "டீ போட்டுக் கொண்டு வரேன்," என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தக் குனிந்த முகத்தை நினைக்க நினைக்கத் தையல்காரிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"பசையைக் கழுவிட்டு வந்துடறேன்," என்று பாய்மரத்தைக் கப்பல்மேல் சாய்த்துவிட்டுக் கணவனும் உள்ளே போனான்.

கேப்டனோடு தனியாக இருக்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. செய்த பாவத்துக்கு ஏதாவது செய்தால் தேவலை. மேஜை முன் உட்கார்ந்து, நூலை மெழுகில் இழுத்து, பாய்மரத்தை நிமிர்த்தி அதன் கழுத்தில் சுற்றினாள். பித்தான் தைக்கும்போது போடுகிற முடிச்சைப் போட்டு, இன்னொரு முறை இறுக்கினாள். மரம் அசையாமல் நின்றது.

"இனிமே இது தளரவே தளராதுண்ணே," என்றாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவளால் நிமிர முடிந்தது.

"அப்படிக் கட்டாதீங்கம்மா." கேப்டனின் வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு தெளிவாகவே இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தப்பா கட்டிட்டேனா?"

"சரியாத்தான் கட்டறீங்க. எனக்குத்தான் ஒரு கையால கட்ட முடியாது. அவுக்க முடியும்."

அவள் முடிச்சையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறையில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கேப்டன் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"இந்தக் கப்பல் முடியற வரைக்கும்தாம்மா, அந்த ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி இருப்பாங்க."