வெயிலுக்குக் குடை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, செடிக்குக் குடை பிடித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

கொழுந்தனோடு சண்டை முற்றிக் கொல்லையின் நடுவே சுவர் எழுந்தபோது, சொர்ணத்தின் மல்லிகையும் கனகாம்பரமும் வெயில் இல்லாமல் செத்துப்போயின. என் வெயிலைக் கொடு என்று ஏசினாள், அழுதாள், பிறகு அலுத்துப்போனாள். அந்த ஈர நிழலில் தானாக ஒரு சின்னப் பெரணிச் செடி முளைத்தது. பூக்காது, காய்க்காது, கோடையிலும் பச்சை மாறாது. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வளர்த்தாள். புருஷன் போன பிறகு காலையில் எழுந்து போய்ப் பார்க்க அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

கொழுந்தனும் போய்ச் சேர்ந்தபின், அவன் பெண்சாதி தெய்வானை ஆள் கூட்டி வந்தாள்.

"அக்கா, இனி எதுக்கு இந்தச் சுவரு? உங்க வெயிலை நீங்களே எடுத்துக்குங்க."

தானே கேட்ட வெயிலை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? கல் சரியச் சரிய வெயில் பெரணியை நெருங்கியது. பட்டால் கருகிவிடும். பிடுங்கி வேறிடம் வைக்க உடம்பில் தெம்பில்லை. சொர்ணம் புருஷனின் குடையை எடுத்து வந்து செடிக்கு மேல் பிடித்து நின்றாள்.

"என்னக்கா இது! மழைக்கே குடை பிடிக்க மாட்டீங்களே!" என்று சிரித்தாள் தெய்வானை.

சொர்ணம் குடையை மறு கைக்கு மாற்றி, பெரணி மேல் இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். தெய்வானையின் சிரிப்பு நின்றது. செங்கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள்.

"இங்க குடுங்க. செத்த உக்காருங்க."

சொர்ணம் குடையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். உச்சி வெயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

உங்கள் வீட்டிலும் குடையைக் கைமாற்றிக்கொள்ள ஆள் இருக்கட்டும், கண்ணுகளா.