முப்பத்தெட்டு வாக்கு வித்தியாசம்

முன்னாள் உறுப்பினர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி தன்னுடைய இரங்கல் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையதுதான். சட்டமன்றக் கையேட்டுக்கு விவரம் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று அவர் மருமகளிடம் வாசலில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து தாளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். “அன்னாரது மறைவால்” என்ற இடத்தில் அவர் விரல் நின்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சட்டமன்ற அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு இதுதான் பிழைப்பு. எண்பதைத் தாண்டிய முன்னாள் உறுப்பினர்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுவோம். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் பிரிவில் இறந்தால்தான் விலை.

அவர் கோபப்படவில்லை. அவை எழுந்து நின்று மௌனம் காத்த எத்தனையோ காலைகளில் அவரும் தலையைக் குனிந்து நின்றவர்தானே. மிச்சத்தை நீயே வாசி என்பதுபோலத் தாளை என் பக்கம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம். மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் இருந்தது. வெளியே யாரோ கழுவிவிட்ட தண்ணீரில் பட்ட வெயில், அறையின் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஏழு முறை போட்டி, நான்கு முறை வெற்றி. நான் வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொரு தேர்தலுக்குள்ளும் போய்விட்டு வந்தார்.

முதல் தேர்தலில் டெபாசிட் போனது. அதைக் கேட்டதும் தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரிச் சிரித்தார்.

இரண்டாவதில் ஜெயித்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரை காற்றில் உப்பியது. அவர் கண்ணை லேசாகத் திறந்து, திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கூட்டம் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கே அந்தத் திரைக்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்பதுபோல் இருந்தது, பொய் சொல்லவில்லை.

மூன்றாவது தேர்தல். முப்பத்தெட்டு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. அந்த ஐந்து வருஷத்தில்தான் அவர் மந்திரியாக இருந்தார்.

“அது வேண்டாம்மா. அதை எடுத்துடு.”

எடுக்க முடியாது, அரசிதழில் வந்தது என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல அவ்வளவு மெதுவான குரல்.

வாக்குச் சீட்டுக் காலம் அது. ஐம்பது ஐம்பதாகக் கட்டி அவரவர் பெட்டியில் போடுவார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வேட்பாளர்கள் நிற்பார்கள். சாப்பிட்டு வந்த கிறக்கத்தில் எண்ணுகிறவருக்குக் கண் சொருகியது. எதிராளியின் கட்டு ஒன்று இவர் பெட்டியில் விழுந்தது. எதிராளி அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

இவர் பார்த்துவிட்டார். வாயைத் திறந்திருந்தால் போதும். எவ்வளவோ கட்டு கிடக்கிறது, இந்த ஒரு கட்டிலா குடி முழுகிப்போகும் என்று சும்மா இருந்துவிட்டார்.

சாயங்காலம் முப்பத்தெட்டு என்று அறிவித்தார்கள். பிறகு எங்கே வாயைத் திறப்பது? அதற்குள் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

கட்டு சரியான பெட்டியில் விழுந்திருந்தால் இங்கே ஐம்பது குறைந்து, அங்கே ஐம்பது கூடி, அறுபத்திரண்டு வாக்கில் தோற்றிருப்பார். அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன், நான் செத்த பிறகு அந்தப் பூசணிக்காய்க்கு அவையே எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். குறிப்பில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை, உங்கள் கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால் கோப்பில் சேர்க்கலாம், அவைத்தலைவர் பார்ப்பார் என்றேன்.

கொடுத்தார். நான்கே வரி. எழுதி, பழைய மந்திரிக் கையெழுத்தை அடியில் போட்டு, என்னிடம் நீட்டினார். ஊருக்கே தெரிந்துபோகுமே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் ஒரு சுமை இறங்கிய களைப்பு மட்டும் இருந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

கதவுவரை போனவளை அவர் குரல் நிறுத்தியது.

“தோத்தவரு வீட்டுல யாராச்சும் இருக்காங்களா, தெரியுமாம்மா?”

“ஒரு பொண்ணு இருக்கா ஐயா. உங்க கோப்பு வேணும்னு அவதான் கேட்டு வாங்கினா.”

பத்து வருஷம், சாப்பிட உட்காரும்போதெல்லாம், என் கணக்கில் ஒரு கட்டு குறைகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றவன் எல்லாம் இதைத்தான் சொல்வான் என்று தெருவே சிரித்தது. ஒருநாள், போதும்ப்பா, மானம் போகுது என்று நானும் கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.