அரைபடும் சத்தம்

கடையிலேயே விலை உயர்ந்த காபி கிரைண்டரைத் துடைத்துக் காட்டினாள் விற்பனைப் பெண். "சத்தமே வராது சார். பக்கத்துல தூங்குறவங்ககூட முழிக்க மாட்டாங்க."

பரமானந்தம் தான் கொண்டுவந்திருந்த காபிக்கொட்டைப் பையைப் பிரித்தார். ஒரு கை கொட்டையைப் போட்டு ஓட்டச் சொல்லி, செல்போனை அதனருகே பிடித்தார். மறுமுனையில் மகள் ஷோபனா, நினைவில்லாமல் படுத்திருக்கும் அம்மாவின் காதில் போனை வைத்திருந்தாள். மனைவி கௌசல்யா விழுந்த நாளிலிருந்து, காலையில் அவளுடைய பழைய கிரைண்டர் ஓடும்போது மட்டும் இமை துடிக்கும். போன வாரம் அது எரிந்துபோனது. அதன்பிறகு இமையும் அசையவில்லை.

"இல்லப்பா" என்றாள் ஷோபனா, ஸ்பீக்கரில். அடுத்ததற்கும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்ததற்கும்.

"அது?" என்று மூலையைக் காட்டினார்.

"அது வேணாம் சார், கடகடன்னு உயிரை வாங்கும். திருப்பி அனுப்ப வெச்சிருக்கோம்."

மிச்சமிருந்த கொட்டையை அவரே அதில் கொட்டி ஓட்டினார். கடையே திரும்பிப் பார்த்தது. சத்தம் அடங்கிய பிறகும் போனில் பேச்சில்லை.

"ஷோபனா?"

"அப்பா... அம்மா கண்ணு... இன்னொரு தடவ போடுங்கப்பா."

பரமானந்தம் காலிப் பையை உதறினார். விற்பனைப் பெண் எதுவும் கேட்காமல், அலமாரியில் விற்பனைக்கு இருந்த புதுப் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தாள்.